நொண்டி வாத்து நிற்கிற ஊர்

பேய், பிசாசு, சகுனம் எதையும் நான் நம்புவதில்லை. புதுக் கார் வாங்கியபோது டயருக்கடியில் வைத்த தேசிக்காயை எடுத்துக் கரைத்துக் குடித்த ஆள் நான். இப்போது சொல்வதை நம்பினால் நம்புங்கள்.

என் தங்கை சுபாவுக்கு அமெரிக்காவில் லூயிவில் என்ற ஊரிலிருந்து சம்பந்தம் வந்தது. பெடியனைப் பிடித்துவிட்டது. ஆனால் தெரியாத ஊருக்காகக் கனடாவை, இந்த மொன்றியலை விட மாட்டேன் என்று எங்கள் வீட்டில் ஒரே அழுகை.

"அண்ணை, நீங்கள் ஊரெல்லாம் திரிஞ்ச ஆள்தானே. அது எப்பிடி இடம்?"

அந்தப் பக்கம் நான் தலைவைத்தும் படுத்ததில்லை. தெரியாது என்று சொல்வதும் எங்கள் வீட்டு ஆண்களுக்குப் பழக்கமில்லை. இணையத்தில் பார்த்ததை எடுத்துவிட்டேன்: பெரிதுமில்லை சின்னதுமில்லை, ஒகையோ ஆறு, அதன்மேல் கார் ஓடாத பழைய ரயில் பாலம், பின்னேரத்தில் சனம் நடக்கும், குதிரைப் பந்தயம், செங்கல் வீடுகள், கோடையில் புழுக்கம். அவள் முகம் தெளியவில்லை. கொஞ்சம் உப்புப் புளி சேர்த்தேன். பாலத்தடியில் ஒரு நொண்டி வாத்து நிற்கும், ஊதா மழைக்கோட்டுப் போட்ட மனிசி ஒருத்தி அதற்குப் பாண் துண்டு பிய்த்துப் போடுவா என்றேன்.

"நொண்டி வாத்தோ?" என்று சுபா சிரித்தாள். கலியாணம் முற்றாகிவிட்டது.

கலியாணம் முடிந்து, கோடையில் அவளைக் கொண்டுபோய் விட, புட்டுப் பார்சலோடு காரில் போனோம். பாலத்தடியில் இறங்கினால், ஐயோ, வாத்து! நொண்டி நொண்டி என்னிடமே வருகிறது. பின்னால், அந்த வெயிலிலும் ஊதா மழைக்கோட்டு. நான் கார்க் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"அண்ணை சொன்ன மாதிரியே இருக்கு!" என்று சுபா துள்ளினாள். நானும் பழகியவன்போலத் தலையை ஆட்டிவைத்தேன்.

தற்செயல் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். போன கிழமை சுபா போன் எடுத்தாள். அந்த மனிசி இப்போது அவளுக்குச் சிநேகிதியாம்.

"அண்ணை, நீங்கள் சொன்ன கதையை நான் அவவுக்குச் சொல்லவே இல்லை. அவ கேக்கிறா, வாத்து முந்தி நல்லாத்தானே நடந்தது, உன்ர அண்ணை ஏன் அதை நொண்டி எண்டு சொன்னவர் எண்டு."

நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் பார்த்தேன். அவளோ சிரித்துக்கொண்டே அடுத்த கதைக்குப் போனாள். பிள்ளைத்தாச்சியாக இருக்கிறாளாம்.

"பிள்ளை எப்பிடி இருக்கும்? சும்மா சொல்லுங்கோவன்."

"நல்லா இருக்கும்," என்றேன். பயத்தில் அவசரமாக, "ரெண்டு காலும் நல்லா இருக்கும்," என்று சேர்த்தேன்.

போனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது, கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.