கைவேலைப் பெட்டி

ஒற்றை ஆள் சமையலுக்கு எவ்வளவு பெரிய கத்தி வேண்டும்? போன வாரம் இந்த மாபெரும் பிரச்சினையோடு கோவில்பட்டி பஜாரில் ஓர் இரும்புக் கடைக்குப் போனேன். மனைவி பெங்களூரில் பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள். காய் நறுக்குவது எப்போதும் என் வேலைதான். இப்போது அடுப்பும் என் தலையில்.

கடைக்கார அண்ணாச்சி இரண்டு மரப்பெட்டிகளை முன்னால் தள்ளினார். ஒன்று கைவேலை, இன்னொன்று மிஷின். மிஷின் பெட்டியிலிருந்த ஒரு கத்தி என் கையில் பாந்தமாக உட்கார்ந்தது. கம்பெனிச் சரக்கு மாதிரித் தெரியவில்லையே?

"அது செல்லத்தாய் அடிச்சது சார். புருஷன் இருந்தவரைக்கும் அவிய கத்தி இந்தக் கைவேலைப் பெட்டியிலதான் கெடக்கும். அவரு போனப்புறம் அந்தம்மா மோட்டார்ல ஓடுற சம்மட்டி வாங்கிப் போட்டிருக்கு. அதை எப்படிக் கைவேலைன்னு விக்கது? நாளைக்கு ஒருத்தன் கேட்டா நான்லா பதில் சொல்லணும்?"

நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. ஆனாலும் வீட்டுக்குப் போனால் சுவரைத்தான் பார்க்க வேண்டும். பட்டறை எங்கே என்று கேட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறிவிட்டேன்.

முந்தின நாள் மழை. கரிசல் மண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தால், பட்டறையில் செல்லத்தாய் தனியாக நின்றார். இடது கையில் குறடு, வலது கையில் சின்னச் சுத்தியல், காலடியில் பெடல். மிதித்தால் மோட்டார் சம்மட்டி தடதடவென்று அடிக்கிறது.

கடையில் நடந்ததைச் சொன்னேன். முகம் சுண்டிப்போனது.

"எங்க வீட்டுக்காரவிய கத்தி கெடந்த பெட்டியிலயே என் கத்தியையும் போடுங்கன்னு கேட்டுக்கிட்டேதான் சார் இருக்கேன். அவிய குறடு பிடிச்சுக்கிட்டு நிப்பாவ. எதுக்க நின்னு சம்மட்டி அடிச்சது யாரு? நான்! அப்ப அது அவிய கைவேலை. என் கையை ஒருத்தரும் கணக்குல சேக்கல. இப்ப குறடு என் கையில. நான் அடிச்ச அடியை மிஷின் அடிக்குது. இப்ப மட்டும், அடிச்சது யாருன்னு கேக்குதாவ!"

எனக்குச் சுருக்கென்றது. கைவேலை, கைவேலை என்கிறோம்... எந்தக் கை என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

"கூட ஒரு ஆள் வைக்கலாமே?" என்றேன்.

"வந்தவனெல்லாம் மில்லு வேலைக்குப் போயிட்டான். மிஷின் எங்கயும் போகாது. ஆனா பேசாதுல்லா? நாங்க புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டுக்கிட்டேதான் அடிப்போம். எனக்குக் கோவம் வந்தா சம்மட்டி ஓங்கி விழும். அன்னைக்குக் கத்தி நல்லா வரும்."

சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அந்தச் சின்னப் பட்டறை ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது.

பழுக்கக் காய்ந்த லாரி ஸ்பிரிங் பட்டையை மிஷினுக்குக் கொடுத்தார். பதம் வந்ததும் சுத்தியலால் ஓரத்து இரும்பில் 'டிங்' என்று தட்டினார். மிஷின் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் பெடலிலிருந்து காலை எடுத்தார். முனை நசுங்கிவிட்டது.

"எதுக்கும்மா அப்படித் தட்டுனீங்க?"

"அது... 'போதும், நிறுத்து'ன்னு அவிய எனக்குச் சொல்லுதது. சண்டையும் சம்மட்டிச் சத்தமுமா இருக்கையில வாயால சொன்னா கேக்காதுல்லா? என் கை தானாத் தட்டிருது சார். தட்டிட்டு, நிக்கும்னு பாத்துக்கிட்டு இருக்கேன். அது நிக்க மாட்டேங்கு."

நசுங்கியதைத் திரும்ப நெருப்பில் செருகினார்.

கடைக்குத் திரும்பி அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "அதுக்காக மூணாவதா ஒரு பெட்டியா சார் போட முடியும்?" என்றார். மிஷின் பெட்டியிலிருந்த செல்லத்தாயின் கத்திகளை அள்ளிக் கைவேலைப் பெட்டியில் போட்டேன் — ஒன்றைத் தவிர. அண்ணாச்சி என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். எடுத்து மாற்றவில்லை.

வீட்டுக்கு வந்து, வாங்கிய அந்த ஒன்றால் வெங்காயம் நறுக்கினேன். அருமையான கத்தி.

இரண்டு பேருக்கு நறுக்கியிருந்தேன்.