இரும்பு நாற்காலியில் அப்பா

ஈஸ்டருக்கு முன் வரும் பெரிய வியாழன் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும். நிலவை வைத்து அதைக் கணக்கிடும் முறையைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் நான் ஆறாம் வகுப்பு படித்த ஆண்டின் பெரிய வியாழனைக் கண்டுபிடிக்க எனக்கு எந்தக் கணக்கும் வேண்டாம். சமூக அறிவியல் பரீட்சை எழுதிவிட்டு வந்த மாலை அது. கொல்லையெல்லாம் முந்திரி பழுத்துக் கிடந்தது.

அரியலூரிலிருந்து சிமெண்ட் ஆலைப் பக்கம் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். ஊரில் ஒரு சிறிய மாதா கோயில். பெரிய வியாழன் மாலைப் பூசையில், இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, பங்குச் சாமியார் ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரையும், கோயில் காரியங்களைக் கவனிக்கும் உபதேசியார்தான் தேர்ந்தெடுப்பார். கோயிலில் இருந்த இரண்டு பெஞ்சுகளில் பதினோரு பேருக்குத்தான் இடம். பன்னிரண்டாவது ஆளுக்கு ஓரமாக ஓர் இரும்பு நாற்காலி போடுவார்கள். அதற்கு, இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடனின் பெயரால், யூதாஸ் நாற்காலி என்று யார் பெயர் வைத்தார்கள் என்று விசாரித்துப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. வருடாவருடம் அதில் உட்கார்ந்தவர் ஒரு கொத்தனார் தாத்தா. "எனக்கென்னப்பா, காட்டிக்குடுக்கறதுக்கு எங்கிட்ட யாரு இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே போய் உட்காருவார். அந்த ஆண்டு அவர் பெரம்பலூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஊரில் மறியல் நடந்திருந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் பள்ளிக்கூடத்து வழியே வேகமாகப் போவதை எதிர்த்து ஆண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர்களில் அப்பாவும் ஒருவர். போலீஸ் தேடவே, ஒரு முந்திரிக் கொல்லையின் மோட்டார் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் மதியம் போலீஸ்காரர்கள் நேராக அங்கேயே வந்து அவரைக் கூட்டிப்போனார்கள். ஜாமீனில் வரும்வரை அம்மா அரியலூருக்கும் ஊருக்குமாக அலைந்தாள்.

சித்தப்பா அப்போது கல் லாரிதான் ஓட்டிக்கொண்டிருந்தார். காட்டிக்கொடுத்தது அவர்தான் என்று முடிவுகட்ட ஊர் வேறு சாட்சி கேட்கவில்லை. டீக்கடையில் அவர் நுழைந்தால் பேச்சு நின்றது. அவரும் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். உபதேசியார் நல்ல மனிதர். இவரையும் பன்னிரண்டு பேரில் சேர்த்தால் மறுபடி கோயிலுக்கு வந்துவிடுவார் என்று நினைத்து, வீட்டுக்கே போய் அழைத்திருக்கிறார். நாற்காலியைப் பற்றி யோசிக்க மறந்துவிட்டார்.

பாடல் குழுவில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது. பதினோரு பேரும் முன்கூட்டியே வந்து பெஞ்சுகளை நிரப்பிவிட்டார்கள். அப்பா நான்காவது ஆள். கடைசியாக, வெள்ளை வேட்டியும் புதுத்துண்டுமாக சித்தப்பா வந்தார். பெஞ்சில் ஒருவரும் அசையவில்லை.

"வாங்க டிரைவரே," என்றார் பெஞ்சிலிருந்து ஒருவர். "ஒங்களுக்குன்னே தனியா போட்டு வெச்சிருக்கோம், பாருங்க."

ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. பெண்கள் பக்கத்திலும் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். சித்தப்பா வாசலைத் திரும்பிப் பார்த்தார். அன்று அவர் வெளியே போயிருந்தால், பிறகு அந்தக் கோயிலில் காலடி வைத்திருக்கமாட்டார் என்பது எனக்கே தெரிந்தது.

அப்பா எழுந்தார். நேராகப் போய் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பெஞ்சுல முட்டி இடிக்குது. நீ அங்க போய் ஒக்காருடா."

சித்தப்பா அப்பா எழுந்த இடத்தில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவர்கள் தானாகவே கொஞ்சம் தள்ளிக்கொண்டார்கள். சாமியார் வந்தார், வரிசையாகக் கழுவினார், கடைசியில் அப்பாவின் பாதத்தைக் கழுவித் துடைத்துக் குனிந்து முத்தமிட்டார். என்னுடன் பாடிய பெண் என் காதருகே வந்து, "ஏய், ஒங்கப்பாவாடி இந்த வருசம் யூதாசு?" என்றாள். அதன்பிறகு எனக்குப் பாட்டு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"மோட்டார் கொட்டாயில நீங்க இருந்தது யாருக்குத் தெரியும்? சோறு கொண்டாந்த ஒங்க தம்பி ஒருத்தருக்குத்தானே?"

"தெரியும்," என்றார் அப்பா.

"தெரிஞ்சுதான் எடம் குடுத்தீங்களா?"

"வேலய விட்டுத் தூக்கிருவோம்னு மெரட்டியிருப்பாங்க. ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கிட்டு என்ன பண்ணுவான்?"

"மெரட்டினத நீங்க பாத்தீங்களாக்கும்!"

"பாக்கல. காட்டிக்குடுத்ததயும்தான் பாக்கல. ரெண்டுல ஒண்ணத்தான் நெனைக்கணும்னா, நான் இத நெனச்சிக்கிறேன்."

"ஆமா, நீங்க நெனச்சிக்குவீங்க. கோர்ட்டு வாசல்ல நின்னது நானுல்ல."

இப்போது யோசித்தால், மன்னிப்பதற்கு அவருக்கு இருந்த உரிமை அம்மாவுக்கும் இருந்தது. அவளை யாரும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் வாசலில் சித்தப்பா வந்து நின்றார். உள்ளே பேசியது காதில் விழுந்ததோ என்னவோ. புதுத்துண்டைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னைக்கு நான்..."

"சாப்ட்டியாடா?" என்றார் அப்பா.

"இல்லண்ணே, நான் சொல்றத..."

"தவக்காலம், கஞ்சிதான் இருக்கு. உள்ள வா."

அம்மா தட்டை ணங்கென்று வைத்தாள். ஆனால் கஞ்சியை மட்டும் சிந்தாமல் ஊற்றினாள், துவையலும் வைத்தாள். சித்தப்பா தலை நிமிராமல் குடித்தார். அவர் எதையோ சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. எதை என்றுதான் தெரியவில்லை. பிள்ளைகளான நாங்கள் பெரியவர்கள் பேச்சில் குறுக்கிட்டால் முதலில் அதட்டுவது அப்பாதான். அப்படிப்பட்டவர், தேடி வந்த தம்பியை ஒரு வாக்கியம்கூட முடிக்கவிடவில்லையே என்று அன்று அவர்மேல் எனக்குக் கோபமாக இருந்தது.