ரிண்டு ரூமா?

இன்று கிள்ளான் பஸ்ஸில் அம்மாவிடம் பேசி முடித்த பிறகும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த மலாய்க்காரப் பெண்மணி மெதுவாகக் கேட்டார்: "ரிண்டு ரூமா?"

தமிழில்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

"ரெண்டு இல்லக்கா, ஒரே ரூம்தான். நான் மட்டும்தான் இருக்கேன்."

அவர் விழித்தார். முன் இருக்கை அண்ணன் சிரித்தபடி திரும்பினார். "அது மலாய் லா தம்பி. ரிண்டுன்னா ஏக்கம், ரூமான்னா வீடு. வீட்ட நெனச்சு ஏங்குறியான்னு கேக்குறாங்க."

மலேசியாவுக்கு வந்ததிலிருந்து யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "தீடாக்" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

'இல்லை'க்கு மட்டும்தான் எனக்கு மலாய் தெரியும்.

'ஆமாம்' என்பதற்கு என்ன சொல்ல வேண்டும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். நாளையும் அதே பஸ்தான்.