அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லைங்க

கடன் வாங்கினவரைத் தவிர ஊரில் மற்ற எல்லாரோடும் பேசுவதுதான் என் தொழில்.

உங்களுக்கும் ஒரு நாள் போன் வந்திருக்கும். அப்போதுதான் சாப்பாட்டில் கை வைத்திருப்பீர்கள். "சார், உங்க ஃப்ரெண்ட் குமார் இப்ப எங்க இருக்கார்?" என்று ஒரு பெண் குரல் தேனாகக் கேட்டிருக்கும். எந்தக் குமார் என்று யோசிப்பதற்குள் சாம்பார் ஆறியிருக்கும். நன்றாகத் திட்டிவிட்டு வைத்திருப்பீர்கள். அது நான்தான். பெயர் பரிமளா. மைசூரு மண்டி மொஹல்லாவில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட் கடைக்கு மேல்மாடியில், காதில் ஹெட்செட்டோடு ஏழு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் திட்டிய திட்டெல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தது, நன்றி.

கடன் வாங்கினவர் போனை எடுக்க மாட்டார், வீட்டையும் மாற்றியிருப்பார். அவர் எங்கே என்று சொந்தத்தில், அக்கம்பக்கத்தில், வேலை பார்த்த இடத்தில் துருவிக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இப்படி ஊரையே கண்டுபிடிக்கிறவளுக்கு முப்பது வயசாகியும் ஒரு மாப்பிள்ளை கிடைக்கவில்லையே என்பது அம்மாவின் தீராத வருத்தம். இரண்டு சம்பந்தம் என் வேலையைக் கேட்டதுமே ஓடிவிட்டது. மூன்றாவதாக வந்தவர் செந்தில். ஹெப்பாளில் ஒரு ஃபேக்டரியில் வேலை, கொள்ளேகால் பக்கத்துக் குடும்பம். கோயிலில் வைத்துத்தான் பெண் பார்த்தார்கள். "யாராவது திட்டினா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். "மியூட் போட்டுட்டு டீ குடிப்பேன்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பிடித்துவிட்டது, மறைத்து என்ன ஆகப்போகிறது? இது மட்டும் தட்டிப்போகக் கூடாதே என்று அங்கேயே சாமியிடம் வேண்டிக்கொண்டேன். அது என்ன ஆயிற்று என்பதற்கு முன்னால் என் பிழைப்பைக் கொஞ்சம் கேளுங்கள்.

ரெண்டு பேரு, ரெண்டு நம்பரு

கடன் விண்ணப்பத்தில் தெரிந்தவர்கள் இரண்டு பேருடைய பெயரும் நம்பரும் கேட்பார்கள். ரெஃபரன்ஸ். எழுதிக் கொடுக்கிற புண்ணியவான்கள் அந்த இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. முடி வெட்டுகிறவர், காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் என்று வாய்க்கு வந்த பெயரை எழுதிவிட்டுப் பணத்தோடு போய்விடுவார்கள். மாட்டிக்கொண்டு முழிப்பது நீங்கள்.

ஒருவர் தன் ஜென்ம விரோதியின் நம்பரையே எழுதியிருந்தார். இரண்டு பேரும் ஒன்றாகக் கொத்தனார் வேலை பார்த்தவர்களாம், ஏதோ சண்டையில் பிரிந்தவர்களாம். நான் பெயரைச் சொன்னேன். சரி, வசவு வரப்போகிறது என்று மியூட் பட்டன் மேல் விரலை வைத்துக் காத்திருந்தேன். வசவுக்குப் பதிலாக ஒரு கேள்வி வந்தது: "பத்து வருஷமா மூஞ்சியில முழிக்காதவன், என் நம்பரை இன்னும் அழிக்காமயா வச்சிருக்கான்? ஆள் கெடைச்சா, நான் கேட்டேன்னு சொல்லும்மா."

கூரியர் வந்திருக்கு

கடன் விஷயத்தை மூன்றாம் மனுஷரிடம் சொல்லக் கூடாது என்று விதி. நாங்கள் விதியை மதிக்கிறவர்கள். அதனால் கடன் என்று சொல்ல மாட்டோம், பொய் சொல்வோம். "அவருக்கு ஒரு கூரியர் வந்திருக்கு சார், புது அட்ரஸ் சொல்லுங்க." இந்தத் தந்திரத்தை எந்தப் புண்ணியவதி கண்டுபிடித்தாளோ, இப்போது எங்களைப் போன்றவர்கள் எல்லார் வாயிலும் இதே கூரியர்தான். பாவம், நிஜக் கூரியர்காரர் வந்து நின்றால் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

குண்டலுபேட்டையில் ஒரு தக்காளி வியாபாரி. அவருடைய பழைய கூட்டாளியைத் தேடிப் போன் செய்தேன். கூரியர் என்றதும் ரொம்ப அக்கறையாக, எங்கிருந்து வந்திருக்கு, கையெழுத்துப் போடணுமா, என்ன எடை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அடடா, விழுந்துவிட்டார் என்று நானும் உற்சாகமாக ஒன்றரைக் கிலோ என்று அளந்துவிட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு சொன்னார்: "சரிம்மா, எத்தனை மாசம் கட்டாத கூரியர்னு அதையும் சொல்லிடு."

துக்கம் விசாரித்தது

இன்னொருத்தர் செத்தே போய்விட்டார். அவருடைய தம்பிதான் சொன்னார், சொல்லிவிட்டு விசும்பினார். எனக்கு மனசு கேட்கவில்லை. "தைரியமா இருங்க சார்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வைத்தேன். இறப்புச் சான்றிதழ் இருந்தால் இனிமேல் தொந்தரவு இருக்காதே என்று, நல்லெண்ணத்தில், பதினாறு நாள் கழித்து மறுபடி அடித்தேன். வேறு ஒரு குரல் எடுத்தது. இன்னாருடைய காரியமெல்லாம் முடிந்ததா என்று பெயரைச் சொல்லிப் பதமாக விசாரித்தேன். அந்தக் குரலுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "நான்தான் செத்துட்டேன்னு என் தம்பி சொல்லிட்டானே, அப்புறம் எதுக்கும்மா என் உயிரை வாங்கறே?"

மாமா என்று ஒரு நம்பர்

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஹனூர் பக்கத்திலிருந்து வந்து ஃபேக்டரியில் வேலை பார்த்த ஒரு பெண். ஸ்கூட்டர் கடனில் இரண்டு தவணை தவறியிருந்தது, போனும் எடுக்கவில்லை. ரெஃபரன்ஸில் மாமா என்று ஒரு மைசூரு நம்பர். ஊரில் மிச்சமிருந்த கடைசி வெள்ளந்தி மனுஷர் அவர்தான் போலிருக்கிறது. கூரியர் என்றதும் நம்பிவிட்டார். "அவ ஷிஃப்டுல இருப்பாம்மா, நானே வாங்கி வச்சிடறேன்" என்று சொல்லி, ஆட்டோ பிடித்து ஒவ்வொரு கூரியர் ஆபீஸாக ஏறி இறங்கியிருக்கிறார். மூன்றாவது ஆபீஸில் இருந்தவர்கள், இது கடன் பாக்கிக்கு ஆள் தேடுகிறவர்கள் விடுகிற கதை என்று சிரித்துக்கொண்டே விஷயத்தை உடைத்திருக்கிறார்கள்.

அவர் அவளுக்குத் தாய்மாமா இல்லை. நிச்சயம் பண்ணியிருந்த மாப்பிள்ளையின் அப்பா. மைசூரில் வேறு சொந்தம் இல்லாததால் அந்த நம்பரை எழுதியிருக்கிறாள். மறுநாள் அவளே என்னைக் கூப்பிட்டாள். தலைமறைவான ஆள் கிடைத்துவிட்டால் எங்கள் ஆபீஸில் போர்டில் பெயர் எழுதிக் கைதட்டுவார்கள். எனக்குக் கைதட்டிக்கொண்டிருந்தபோது காதில் அவள் குரல்: "பணத்தை அடுத்த மாசம் கட்டிடுவேன்க்கா. அவங்க வீட்டுல போன என் மானத்தை எந்தக் கூரியர்ல திருப்பி அனுப்புவீங்க?"

தெருவுக்கு என்னாலான சேவை

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. சம்பளம் வாங்குகிறோமே.

அந்த வாரம்தான் எதிர்வீட்டு மஞ்சுளம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். எங்கேயோ ஓடிப்போன ஒரு பழைய குடித்தனக்காரனைக் கேட்டு, வேறு ஏதோ ஆபீஸ்காரிகள் அவர் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். முனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் மாதேவப்பாவுக்கும் அதே தொல்லை. செய்த பாவத்துக்குப் பரிகாரமாக இருக்கட்டும் என்று, இரண்டு பேரையும் கடை வாசலில் உட்காரவைத்துத் தொழில் ரகசியத்தை அவிழ்த்துவிட்டேன். முதல் பாடம், யாரைப் பற்றிக் கேட்டாலும் "கொத்தில்லா", அதாவது தெரியாது. இரண்டாவது, அப்படி ஒரு குடும்பமே இந்தத் தெருவில் இல்லை. அதற்கும் மசியாவிட்டால் மூன்றாவது, காலி பண்ணிவிட்டுப் போய்விட்டார்கள். இனிமையாகப் பேசினால் இன்னும் ஜாக்கிரதை என்று கூடுதலாக ஒரு எச்சரிக்கை வேறு. மஞ்சுளம்மா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். கன்னடத்தில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "இனிமே நம்ம தெருவுல இருந்து ஒரு வார்த்தை வெளிய போகாது, பாரு."

விசாரணை

ஜாதகம் பொருந்திவிட்டது, பூ வைக்க நாள் பார்க்கிறார்கள் என்று தரகர் சொன்னார். பிறகு செந்தில் வீட்டிலிருந்து பேச்சு மூச்சில்லை. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. அடுத்தவர் நம்பருக்கெல்லாம் ஒரு நாளைக்கு நாலு தடவை அடிக்கிறவளுக்கு, செந்திலின் ஒரே ஒரு நம்பரை அடிக்கக் கை வரவில்லை. மியூட் போட்டுக்கொண்டு ஆபீஸில் அழுதேன். டீ குடிக்கவில்லை.

கடைசியில் அம்மா தரகரைப் பிடித்து உலுக்கினாள். சம்பந்தம் பேசினால் தெருவில் விசாரிப்பது வழக்கம்தானே? அதற்காக எங்களைத் தெரிந்தவர்கள் இரண்டு பேருடைய நம்பரைத் தரகர் கேட்டு வாங்கிச் செந்திலின் அப்பாவிடம் சேர்த்திருக்கிறார். கொடுத்தது அம்மா. மஞ்சுளம்மா நம்பர், மாதேவப்பா நம்பர். அந்த இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை சொன்னாளா? மறந்துவிட்டாளாம்! தரகர் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார்: "அந்தத் தெருவுல உங்க குடும்பமே இல்லையாமே, காலி பண்ணிட்டுப் போயிட்டீங்களாமே?"

ஒரு சின்னப் பொய்

ஓடினேன். "ஆமா, போன் வந்ததே!" என்றார் மஞ்சுளம்மா. "ரொம்ப மரியாதையா, இனிமையா, கல்யாண விஷயம்னு பேசினார். அப்பவே புரிஞ்சுபோச்சு." கல்யாணம் என்பது புது மாதிரிக் கூரியர் என்று நினைத்து, மூன்று பாடத்தையும் வரிசை மாறாமல் ஒப்பித்திருக்கிறார். என் வாத்தியார் வேலையில் தீயை வைக்க!

மாதேவப்பா ஒரு படி மேலே. செந்திலின் அப்பா நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டதும், "எனக்கே எட்டாயிரம் பாக்கி வச்சுட்டு ஓடிட்டாங்க சார்" என்று சொல்லியிருக்கிறார். அவர் கடையில் நாங்கள் ஒரு தீப்பெட்டிகூடக் கடன் சொல்லி வாங்கியதில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். பருப்பை நிறுத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "நீ சொல்லிக் குடுத்ததை மட்டும் சொன்னா நம்பறாப்பல இல்லம்மா, அதான் என் பங்குக்கு ஒண்ணைச் சேர்த்தேன்."

நேரில்

செந்திலின் அப்பாவுக்கு நானே போன் போட்டேன். பழக்க தோஷம், "வணக்கம் சார், செந்தில் சாரோட அப்பாங்களா?" என்று அதே தேன் குரல் வந்து தொலைத்தது. "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லைங்க" என்று வைத்துவிட்டார். அவரும் எவனுக்கோ ரெஃபரன்ஸ் போல.

ஞாயிற்றுக்கிழமை அம்மா, நான், மஞ்சுளம்மா, கடையைச் சாத்திவிட்டு மாதேவப்பா என்று நாலு பேரும் பஸ் ஏறிச் செந்தில் வீட்டில் போய் இறங்கினோம். மாதேவப்பா பரிகாரமாகக் கல்கண்டு கட்டிக்கொண்டு வந்திருந்தார். மஞ்சுளம்மா மூச்சு விடாமல் கன்னடத்தில் என் புகழ் பாடினார். நான் கூரியரிலிருந்து மூன்று பாடம் வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். செந்தில் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார். அவருடைய அப்பா மட்டும் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இங்க பாருங்கம்மணி, ஒரு புள்ளைக்காகத் தெருவே சேர்ந்து பொய் சொல்லுதுன்னா, அந்தப் புள்ள நல்ல புள்ளயாத்தாங்க இருக்கோணும்."

ஒரே ஒரு போன்

பூ வைத்த மறுநாள், அந்த ஃபேக்டரிப் பெண்ணை என் சொந்தப் போனிலிருந்து கூப்பிட்டேன். எனக்காக இரண்டு பேர் பஸ் ஏறி வந்தார்களே, அவளுக்காக நான் ஒருத்தியாவது போக வேண்டாமா? "கூரியர்னு பொய் சொன்னவ நான்தான்மா. உன் மாமனார் வீட்டுக்கு வந்து, உன் மேல தப்பில்லைன்னு நேர்லயே சொல்றேன்" என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "வேணாம்க்கா, போன வாரம் அவங்க பையனுக்கு வேற இடத்துல கல்யாணம் முடிஞ்சிடுச்சு. தவணை கட்டிட்டேன், ரசீது மட்டும் அனுப்பிடுங்க."

என் கல்யாணப் பத்திரிகையைக் கூரியரில் போட்டால் எங்கள் ஊரில் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள் என்று வீடு வீடாக நேரில் போய்த்தான் கொடுத்து வருகிறேன்; எல்லாருடைய விலாசத்தையும் துருவி எடுக்கிற எனக்கு அவள் விலாசமும் தெரியும், போகத்தான் முகமில்லை.