ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த வயல்

அன்னைக்கு காவாந்தண்டலம் போற வழியில ரோட்டோரம் இருந்தவங்க இவங்க. நெலத்துக்காரர், கையில மம்முட்டியோட. அவர் சம்சாரம், டீ கொண்டாந்தவங்க. நடவுக்கு வந்த பொம்பளைங்க நாலு பேர், நாத்துக் கட்டு பக்கத்துல. டிராக்டர் மேல நான். இருக்க வேண்டியவர் ஒருத்தர் இல்ல. டிராக்டர் ஓனர். நாங்க பாய்னு கூப்பிடுவோம். உத்திரமேரூர்ல இரும்புக் கடை வச்சிருக்கார்.

வெள்ளிக்கிழமை. நவரைப் பட்டத்து நெல்லு நடவு நேரம். ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த துண்டு நெலத்தை உழுது முடிச்சிட்டேன். மிச்ச நெலம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். தண்ணி கட்டித் தயாரா இருந்தது. தாண்டணும். நான் தாண்டக் கூடாது. என்கிட்ட லைசென்ஸ் இல்ல.

அது ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நடந்தது. ஒரு சாவு வூட்டுக்குப் போய்ட்டு பைக்ல வந்தேன். குடிச்சிருந்தேன். வழியில போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னாங்க. ஊதினேன். கோர்ட்ல ஒத்துக்கறியான்னு கேட்டாங்க. ஒத்துக்கினேன். அபராதம் கட்டினேன். அதோட முடிஞ்சிதுன்னு நெனச்சேன். அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருந்து தபால் வந்தது. ஆறு மாசத்துக்கு லைசென்ஸ் கெடையாது, கொண்டாந்து ஒப்படைன்னு.

போனேன். கவுண்டர்ல இருந்தவர்கிட்ட கேட்டுப் பாத்தேன். "சார், நான் மாட்டினது பைக்ல. பைக் லைசென்ஸை எடுத்துக்கங்க. டிராக்டரை உட்டுடுங்க. அது என் பொழப்பு."

அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். "எல்லாத்துக்கும் கார்டு ஒண்ணுதாம்பா. கத்தரிக்கோல் கொண்டா, பாதியா வெட்டித் தரேன்."

பின்னாடி வரிசையில நின்னவங்க சிரிச்சாங்க. குடுத்துட்டு பஸ் ஏறி வந்தேன்.

பாய்கிட்ட மறைக்கல. எல்லாத்தையும் கேட்டுக்கினார். அப்புறம் சொன்னார். "வயல்ல ஓட்டு. அங்க எவனும் லைசென்ஸ் கேக்க மாட்டான். ரோட்டுல மட்டும் ஏத்தாத. நீ மாட்டினா வண்டி போவும், என் மேலயும் கேஸ் வரும். ஒரு வாட்டி ஏத்தினன்னு காதுல வுழுந்தாலும் வேற டிரைவர் பாத்துக்குவேன்."

சரின்னேன். எனக்கு நாப்பத்தாறு வயசு. படிப்பு அஞ்சாவது. இந்த வேலை போனா ஏதாவது கம்பெனி கேட்ல போய் நிக்கணும். அங்கயும் சின்ன வயசு ஆளுங்களத்தான் கேக்கறாங்க.

அதுல இருந்து வண்டி ரோட்டுல ஏறணும்னா பாய்க்குப் போன் போடுவேன். கடையை விட்டுட்டு ஸ்கூட்டர்ல வருவார். லுங்கியை மடிச்சிக் கட்டிக்கினு சீட்ல உக்காருவார். அவர்கிட்ட லைசென்ஸ் இருந்தது, பழக்கம் கம்மி. நான் மட்கார்டு மேல உக்காந்துக்கினு, "கிளட்சை மெதுவா விடுங்க பாய்"ம்பேன். டீக்கடையில இருக்கறவங்க கத்துவாங்க.

"இன்னா பாய், நீ டிரைவர் வச்சிக்கினியா, டிரைவர் உன்னை வச்சிக்கினாரா?"

பாய் சிரிச்சிக்குவார். எனக்கு சிரிப்பு வராது. போன் போட்டுப் போட்டு எனக்கே அலுத்துப் போச்சி.

அன்னைக்கு மதியம் ஜும்மா தொழுகை. போனை அணைச்சிடுவேன்னு பாய் காலையிலயே சொல்லியிருந்தார். இந்தப் பக்கமே சாயந்தரம் வரைக்கும் இழுக்கும்னு நான் கணக்குப் போட்டேன். மண்ணு நல்லா ஊறியிருந்தது. சீக்கிரம் முடிஞ்சிடுச்சி.

நெலத்துக்காரர் வரப்புல வந்து நின்னார். "இன்னாபா, நிறுத்திட்ட?"

"பாய் வரட்டும் நைனா."

"ஏறி எறங்கினா அந்தப் பக்கம். நாய் கூட வராத ரோடு. இங்க எந்தப் போலீஸ் வரப் போறான்?"

"இல்ல நைனா. ஏத்த மாட்டேன்னு பாய்கிட்ட சொல்லிட்டு வந்துக்கீறேன்."

நடவுக்காரங்கள்ல ஒருத்தி ஆரம்பிச்சா. "ஊதினதுல இருந்து அண்ணனுக்கு ரோட்டப் பாத்தாலே பேஜாரா கீது போல."

பக்கத்துல இருந்தவ சொன்னா. "எறங்குண்ணா, நான் ஓட்டறேன். என்கிட்டயும் லைசென்ஸ் இல்ல. ஆனா நான் குடிக்க மாட்டேன்."

டீ கொண்டாந்த அம்மாவும் சிரிச்சாங்க. நெலத்துக்காரர் சிரிக்கல.

"ஆளுங்க சும்மா குந்திக்கினு கீறாங்க. நாத்து வாடுது. உனக்கு வேலை வோணுமா, வாணாமா?"

"வோணும். அதான் நிக்கிறேன்."

ரோட்டை ரெண்டு பக்கமும் பாத்தேன். ஒண்ணும் வரல. கையை கியர்ல வச்சேன். எடுத்துட்டேன். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு எறங்கினேன்.

நெலத்துக்காரர் தள்ளிப் போய் யாருக்கோ போன் பண்ணார். கொஞ்ச நேரத்துல வேற டிராக்டர் வந்து அந்தப் பக்கம் எறங்கிச்சி. ஓட்டினவன் எனக்குத் தெரிஞ்சவன்தான். என்னைப் பாத்துக் கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன். பொம்பளைங்க நாத்தைத் தூக்கிக்கினு ரோட்டைத் தாண்டிப் போனாங்க.

தொழுகை முடிச்சி பாய் தொப்பியோடவே வந்தார். அந்தப் பக்கம் ஓடற வண்டியைப் பாத்தார்.

"ரோட்டுல ஏத்தினியா?"

"இல்ல பாய்."

"ஏத்தியிருந்தா இந்த வேலை நம்ம கையை விட்டுப் போயிருக்காது."

"ஆமா பாய்."

ஸ்கூட்டரை மரத்தடியில விட்டுட்டு டிராக்டர்ல ஏறினார். நான் மட்கார்டுல. பாதி தூரம் போனோம். அப்புறம் ரோட்டைப் பாத்துக்கினே சொன்னார்.

"நாளைக்கு வா. இனிமே வெள்ளிக்கிழமை மட்டும் வேலை ஒத்துக்க வாணாம்."

நெலத்துக்காரர் அதுக்கப்புறம் எங்களைக் கூப்பிடல. அவர் தம்பிங்க ரெண்டு பேரும் கூப்பிடல. அவங்க நெலமும் சேத்து அந்த நவரையில பாய் கையை விட்டுப் போனது பதினோரு ஏக்கர்.