மூன்று தட்டு, இரண்டு தட்டு

செல்வி, பிரபு, உங்கள் இரண்டு பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். உங்கள் ஃபோனில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறதே, கறுப்புச் சட்டைக் கூட்டத்துக்கு எதிரில் காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள் திடீரென்று இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு ஓடுவானே, பாட்டு பாதியில் நின்றுபோகுமே, அது உங்கள் அப்பாதான் என்று உங்களுக்கே தெரியும். கீழே யாரோ "கடைசி நேரத்துல அங்கிள் கெடுத்துட்டாரு" என்று எழுதியிருந்ததைப் பிரபு படித்துக் காட்டினான். "ஏம்ப்பா அப்படிப் பண்ணே?" என்று செல்வி கேட்டாள். மெஷினில் கோளாறு என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தேன். அது பொய். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை.

பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நான் நம்பினவன் இல்லை. உங்கள் அம்மா வாசலில் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டால், வெயில் காலத்தில் ஜூஸாவது போட்டிருக்கலாமே என்று சண்டை பிடித்தவன் நான். இன்றைக்கும் பேய் என்று நான் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் படித்துவிட்டுச் சிரிக்காதீர்கள்.

பொம்மசந்திராவில் நான் பதினொரு வருஷம் வேலை பார்த்த ஷெட் உங்களுக்குத் தெரியும். கம்பெனி மூடின பிறகு எல்லா மெஷினையும் எடுத்துக்கொண்டு போனார்கள், பெரிய பவர் பிரஸ் ஒன்றை மட்டும் தூக்க முடியாமல் விட்டுவிட்டார்கள். இரண்டு மாடி உயரம், நாலு இரும்புத் தூண், கீழே ஒரு பலகை, மேலிருந்து இறங்குகிற இரும்புப் பாளம். தகட்டை வைத்து அமுக்கினால் ஒரே அடியில் கார் கதவாகிவிடும். அந்த ஷெட்டைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாடகைக்கு எடுத்து மியூசிக் ஃபெஸ்டிவல் நடத்தப்போகிறோம், பிரஸ்ஸை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று நவீன் என்கிற பையன் என்னைத் தேடி வந்தான். பையன் என்றால் முப்பத்தைந்து வயசு இருக்கும், கன்னடக்காரன்.

"பாட்டுக் கச்சேரிக்கு பிரஸ் எதுக்கு சார்?" என்றேன்.

"பிரஸ்தான் சார் பாட்டு. ஒந்தே ஒந்து, ஒரே ஒரு அடி போதும்."

இண்டஸ்ட்ரியல் மியூசிக் என்று அதற்குப் பெயராம். கிரைண்டர் சத்தம், பெல்ட் ஓடுகிற சத்தம், இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம், இதையெல்லாம் பிடித்து அடுக்கித் தாளம் கட்டுகிறார்கள். அதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது, புனேயிலிருந்தும் சென்னையிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறார்கள். எல்லோரும் கறுப்புச் சட்டை, முட்டிவரை பூட்ஸ், கழுத்தில் சங்கிலி, சிலர் முகத்தில் கேஸ் மாஸ்க். சூப்பர்வைசர் கத்திக் கத்திச் சொல்லியும் நாங்கள் போடாத வெல்டிங் கண்ணாடியை இவர்கள் சொந்தக் காசில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் பயமாக இருக்கும், பேசினால் பச்சைப் பிள்ளைகள். உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் என் கையில் காதடைப்பான் இரண்டைக் கொடுத்து, "அங்கிள், மறக்காம போட்டுக்குங்க, காது போயிடும்" என்றாள். எனக்கு இடது காது இதே ஷெட்டில் எப்போதோ போய்விட்டது என்று அவளிடம் சொல்லவில்லை.

பிரஸ்ஸை வைத்துப் பாட்டு அமைத்தவள் நந்தினி. மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். திங்கள் முதல் வெள்ளி வரை சாஃப்ட்வேர் கம்பெனி, சனி ஞாயிறு இந்தச் சத்தம். முதல்நாளே வந்து மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"கோவிந்தண்ணா, எங்க மெயின் சிங்கர் இதுதான்."

"இது பாடினா ஊரே எழுந்து ஓடிடும்மா."

"அதைக் கேக்கத்தான் அண்ணா டிக்கெட் வாங்கி வர்றாங்க."

ஐம்பது பைசா நாணயம் அளவுக்கு இரண்டு மைக் கொண்டுவந்திருந்தாள். காற்றில் வருகிற சத்தம் அதற்குக் கேட்காதாம், இரும்புக்குள் ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்குமாம். ஒன்றைத் தூணிலும் இன்னொன்றை உள்ளே கீழ்ப்பலகையிலும் டேப் போட்டு ஒட்டினாள். ஏற்பாடு இதுதான். கடைசிப் பாட்டு ஆரம்பிக்கும்போது நான் மோட்டாரைப் போட வேண்டும், பெரிய சக்கரம் சுற்றுகிற உறுமல்தான் பாட்டுக்குச் சுருதி. பத்து நிமிஷம் கழித்து என் எதிரில் ஒரு சிவப்பு பல்பு எரியும். எரிந்ததும் இரண்டு பட்டனையும் இரண்டு கையால் அமுக்க வேண்டும், பாளம் இறங்கி ஒரு அடி, பாட்டு முடிந்தது. பல்பை கம்ப்யூட்டரே நேரம் பார்த்து எரியவைக்கும். எங்கள் ஷாப்பில், அதாவது இந்த ஷெட்டில் வேலை நடந்த காலத்தில், ஆளுக்கு ஆள் கண்ணைப் பார்த்துத் தலையாட்டின பிறகுதான் பட்டன் அமுக்குவோம். கம்ப்யூட்டர் சொல்லி அமுக்குவது எனக்குப் புதுசு, இருந்தாலும் படித்தவர்கள் சொல்கிறார்களே என்று தலையாட்டிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணி. கூரைத் தகட்டு ஓட்டை வழியெல்லாம் வெயில் கோடு கோடாக இறங்குகிறது. இருட்டு, அமாவாசை என்று ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள், நல்ல வெளிச்சம். நான் பிரஸ்ஸுக்கு முன்னால் நிற்கிறேன். பின்பக்கம் முழுக்கக் கறுப்புத் துணி கட்டிப் புகை விட்டிருக்கிறார்கள், அந்தப் பக்கம் எனக்கு ஒன்றும் தெரியாது. மோட்டாரைப் போட்டேன். நந்தினி மேடையில் ஒரு பீப்பாயைச் சங்கிலியால் அடித்துக்கொண்டிருந்தாள். கூட்டம் அவளைப் பார்த்து ஆடவில்லை, ஸ்பீக்கரைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு சாமி வந்த மாதிரி ஆடியது. என் பல்லே அதிர்ந்தது. நேரம் நெருங்குகிறது என்று இரண்டு உள்ளங்கையையும் பட்டன் மேல் வைத்தேன்.

அப்போது அது கையில் ஏறியது.

தட், தட், தட். கொஞ்சம் இடைவெளி. தட், தட்.

காதில் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் குண்டு வெடித்தாலும் கேட்காது. பட்டன் பெட்டியைத் தூணோடு சேர்த்து முறுக்கியிருந்தது, அந்தத் தட்டு தூண் வழியாக உள்ளங்கைக்கு வந்தது. செல்வி, இதன் அர்த்தம் உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. எங்கள் ஷாப்பில் பேச்சு கேட்காது, அதனால் அச்சு மாட்டவோ துடைக்கவோ யாராவது பிரஸ்ஸுக்குள் தலையைவிட்டால் ஸ்பேனரால் தூணில் மூன்று தட்டி நிறுத்தி இரண்டு தட்டுவார்கள். 'உள்ளே ஆள் இருக்கிறேன், அடிக்காதே' என்று அர்த்தம். காது போனவனுக்கும் கையில் தெரியும். எந்தப் புத்தகத்திலும் கிடையாது, அந்த ஷெட்டில் வேலை செய்த முப்பது பேரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது.

பதினொரு வருஷப் பழக்கம், யோசிக்கவே இல்லை, கை தானாக மேலே போனது. கை மேலே போன அதே நேரத்தில் சிவப்பு பல்பு எரிந்தது.

நிறுத்துகிற பட்டனை முழங்கையால் இடித்துவிட்டு, கையைத் தூக்கினபடியே பின்பக்கம் ஓடினேன். அதுதான் நீங்கள் வீடியோவில் பார்த்தது. துணியை விலக்கினால் இரண்டு பூட்ஸ் கால் தெரிகிறது. இடுப்புக்கு மேலே முழுக்க மெஷினுக்குள்ளே. பாளத்துக்கு நேர் கீழே தலை. பெல்ட்டைப் பிடித்து ஒரே இழுப்பு, இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். நந்தினி.

"என்ன அண்ணா! மைக் கழண்டுடுச்சு, ஒட்டிட்டு இருந்தேன்! அதுக்குள்ள என்ன..." என்று கத்தினவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். "பல்பு எரிஞ்சிடுச்சா?"

"எரிஞ்சிடுச்சும்மா."

அவள் திரும்பி அந்தப் பாளத்தைப் பார்த்தாள். அப்புறம் ஓரமாகப் போய் வாந்தியெடுத்தாள். வீணை வாசிக்கிறவள் நடுவில் தந்தியைச் சரிசெய்ய விரலை விடுவதில்லையா, அப்படித்தான் அவளும் கையை விட்டிருக்கிறாள். அவளுக்கு அது வாத்தியம். நேரம் இருக்கிறது என்று நினைத்தாளாம். நவீன் ஓடிவந்து பாட்டை நிறுத்தினான், கூட்டம் ஊளையிட்டது.

என் இரண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இந்தக் கைதான் அமுக்கியிருக்கும், யோசித்துப் பாருங்கள். ஒரு நொடி. அப்புறம் உங்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

"நல்லவேளை நீ தட்டினேம்மா" என்றேன்.

"என்ன தட்டினேன்?"

"தூண்ல. மூணும் ரெண்டும்."

"ஒரு கைல டார்ச், ஒரு கைல டேப்பு. நான் எங்க அண்ணா தட்டறது?"

சரி, பாட்டில்தான் ஏதாவது அப்படி விழுந்திருக்கும், கடவுள் புண்ணியம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியே இருக்கமாட்டேன்.

ஒரு வாரம் கழித்து நான் வேலை செய்கிற பொம்மனஹள்ளி அப்பார்ட்மென்ட்டுக்கு நந்தினி லேப்டாப்போடு வந்தாள். முகம் வாடியிருந்தது. பம்ப் ரூமில் உட்கார்ந்து என் நல்ல காதில் ஹெட்ஃபோனை வைத்தாள். தூணில் ஒட்டிய மைக் பிடித்தது. பாட்டு ஒரு துளிகூட இல்லை, சக்கரத்தின் உறுமல் மட்டும். அதற்குள்ளே, பக்கத்தில் உட்கார்ந்து தட்டுகிற மாதிரி, மூன்று. இரண்டு. மறுபடி மூன்று. இரண்டு.

"இதானே அண்ணா?"

தலையாட்டினேன். அவள் திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள். "உள்ள இருந்த மைக் கழண்டது இங்க. இதுக்கப்புறம்தான் நான் மேடைய விட்டு எறங்கினேன். இப்ப இதைப் பாருங்க." விரலை இடதுபக்கமாக இழுத்துக்கொண்டே போனாள். போகப் போகத் தட்டு இருந்தது. நான் மோட்டாரைப் போட்ட இடத்திலிருந்தே இருந்தது. அப்போது அவள் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் மேடையில் பீப்பாயை அடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காகத் தட்டல அண்ணா. நான் போறதுக்கு முன்னாடியே உள்ள யாரு?"

நீங்கள் உடனே என்ன கேட்பீர்கள் என்று தெரியும், நானும் அதையேதான் கேட்டேன். பழைய ஃபோர்மேன் ராஜண்ணாவுக்கு ஃபோன் போட்டேன். அந்த மெஷின் வந்த நாளிலிருந்து இருந்தவர். "ஏன் கோவிந்தா, குடிச்சிருக்கியா? அதுல ஒரு விரல்கூடப் போனதில்லப்பா, சாவு எங்கிருந்து வரும்?" என்று திட்டினார். எனக்கும் தெரியும், யாரும் சாகவில்லை. யாராவது செத்திருந்தால்கூட ஒரு கணக்குக்கு வரும். யாரும் சாகாத மெஷினுக்குள் யார் இருந்துகொண்டு அடிக்காதே, அடிக்காதே என்று பத்து நிமிஷம் கெஞ்சியது? குளிக்கும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது, இன்றைக்கும் உள்ளங்கையில் அது வருகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிறு காலை மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு ஷெட்டுக்குத்தான் போனேன். வாட்ச்மேன் சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். பிரஸ்ஸுக்குள் இறங்குகிறவன் ஃபியூஸ் மூன்றையும் பிடுங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும், அவனாக வெளியே வந்து திரும்ப மாட்டுகிறவரை யாராலும் மெஷினை ஓட்ட முடியாது. இதை நந்தினிக்கு முதல்நாளே சொல்லியிருக்க வேண்டியவன் நான், கம்ப்யூட்டர் பல்பைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அங்கே இப்போது கரண்ட்டே இல்லை, எனக்கு அதுவும் தெரியும். இருந்தாலும் பேனல் கதவைத் திறந்தேன், மூன்று ஃபியூஸையும் பிடுங்கினேன், பின்பக்கம் போய்க் குனிந்து, உள்ளே இருப்பவர் கைக்கு எட்டுகிற மாதிரி, கீழ்ப்பலகை மேல் வைத்துவிட்டு வந்தேன்.