ரயிலே தெரியல, கேட்டை ஏன் மூடுனீங்க?

ரயில்வே கேட்டில் வேலை பார்ப்பவளுக்குச் சம்பளம் கேட்டை மூடுவதற்கு. மூடிய பிறகு வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது இலவசம். ஏதாவது ஆபீஸ் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஏச்சு வாங்குபவராக இருந்தால் உங்களுக்கு இது புரியும். அரியலூருக்கு வெளியே என் கேட்டில் 2004இல் நடந்தவை இவை.

கல் எதற்கு?

கல்லங்குறிச்சி கோயிலுக்கு வேனில் வந்த பெரம்பலூர்க்காரர் ஒருவர், கேட்டருகே இறங்கி நின்று, தண்டவாளத்துக்கு அடியில் இத்தனை ஜல்லி எதற்கு என்றார். ரயிலின் பாரத்தைத் தாங்கவும் மழைத் தண்ணீர் தேங்காமல் வடியவும் என்றேன். காலடியில் கிடந்த ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது எங்க ஊரு குவாரிக் கல்லு மாதிரி இருக்குங்க. எங்களுக்குத்தான் ரயில் வரல, கல்லாவது ரயிலைப் பாத்துக்கிட்டுக் கெடக்கட்டும்.”

பிரேக் இல்லையா?

பூட்டிய கேட்டுக்குக் கீழே சைக்கிளைச் சாய்த்து இழுத்தார் ஒருவர். தடுத்தேன். ஆளைப் பார்த்தால் டிரைவர் பிரேக் போட மாட்டாரா என்று என்னையே கேட்டார். போடுவார், ஆனால் இரும்புச் சக்கரம் இரும்பின்மேல் ஓடுகிறது, அத்தனை பாரத்தோடு வெகுதூரம் தள்ளிப்போய்த்தான் நிற்கும் என்றேன். பின்னால் பால் கேனோடு நின்ற அம்மா சொன்னார்: “எங்க வூட்டுக்காரரு மாதிரிதான். நிறுத்துன்னு சொன்ன பொறவும் கொஞ்ச தூரம் பேசிக்கிட்டே போவாரு.”

ரயில் எங்கே?

குன்னத்து வெங்காய வியாபாரி சின்னதுரைக்கு என்னைக் கண்டாலே ஆகாது. ரயில் கண்ணுக்கே தெரியாதபோது கேட்டை மூடி வேடிக்கை பார்க்கிறேன் என்று ஊரெல்லாம் கையெழுத்து வாங்கி ரயில்வே அதிகாரிகளிடம் மனுக் கொடுத்துவிட்டார். கேட்டைப் பூட்டினால்தான் சிக்னல் பச்சையாகும், பச்சையானால்தான் ரயில் வரும் என்று சொன்னால் காதில் வாங்கவில்லை. மாற்றல் போட்டால் மகளின் பத்தாம் வகுப்பு அந்தரத்தில் நின்றுவிடும். விசாரணைக்கும் நாள் குறித்துவிட்டார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள், எக்ஸ்பிரஸுக்காகக் கேட்டை மூடப் போனேன். சின்னதுரை உட்கார்ந்து வந்த லாரி மூட்டைகளோடு தண்டவாளத்தின் நடுவில் அச்சு முறிந்து நின்றது. ஸ்டேஷனுக்குப் போனில் சொல்லிவிட்டுச் சிவப்புக் கொடியோடு ஓடினேன். தூரத்தில் ரயில் கூவியதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. கேட்டைப் பூட்டவில்லை, அதனால் சிக்னல் சிவப்பிலேயே இருந்தது. ரயில் சிக்னலடியில் வந்து சாதுவாக நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தை நான் மறைக்கவே இல்லை. இப்போது ரயில் தெரிகிறதா அண்ணே என்று கேட்டேன்.

மறுநாள் விசாரணைக்கு முதல் ஆளாக வந்து நின்றார். “மனுவைக் கிழிச்சுப் போடுங்க சார். இந்தம்மா பூட்டலைன்னா ரயிலே வராது, நேத்து கண்ணால பாத்துட்டேன். இவங்களை மாத்துனீங்கன்னா இன்னொரு மனு கொடுப்பேன்.”

அதன்பிறகு கேட்டில் நிற்கிறவர்களின் கேள்விக்கெல்லாம் சின்னதுரையே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டதால், எனக்குக் கேட்டை மூடுகிற வேலை மட்டும்தான் மிச்சம்.